லினக்ஸ் போட்ட பாவித்த கணினி உறைந்து போகிறது: எங்கே தேடுவது?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ் 7040 ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆறாம் தலைமுறை ஐ5-6500 பிராசசர். உள்ளே இருந்த 8 ஜிபி ரேமோடு கடையில் இன்னொரு 8 ஜிபி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புது எஸ்எஸ்டி ஒன்று, பழைய வீட்டுக் கணினியிலிருந்து கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஒரு ஜிடி 710 கிரஃபிக்ஸ் கார்ட் எல்லாம் பூட்டி லினக்ஸ் மின்ட் 22 போட்டிருக்கிறார். அரை மணித்தியாலமோ இரண்டு மணித்தியாலமோ ஓடியதும் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. பாட்டுப் போட்டிருந்தால் கடைசிச் சத்தமே திரும்பத் திரும்பக் கேட்கிறதாம். பின்னேரங்களில் சில தடவை தானாகவே நின்று, தானாகவே எழும்பியும் இருக்கிறது. மூன்று முறை இன்ஸ்டோல் செய்தும் அதே கதை. கடையில் கேட்டதற்கு, "லினக்ஸ் எல்லாம் விளையாட்டுச் சாமான், விண்டோஸ் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூடவே இன்னொரு கேள்வி: அம்மா அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்து பழகியவர், அவருக்குத் தெரிந்த தமிழ் விசைப்பலகை லினக்ஸில் கிடைக்குமா?

தம்பி, முதலில் நான்காம் முறை இன்ஸ்டோல் செய்வதை நிறுத்தி வையுங்கள். மூன்று தடவை போட்டும் ஒரே மாதிரி உறைகிறது என்றால், நான்காம் தடவை போட்டும் தீரப்போவதில்லை. பழுது நீங்கள் போட்ட சிஸ்டத்துக்குக் கீழே, இரும்பிலும் வயரிலும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் கடையில் சேர்த்துப் போட்ட அந்த இரண்டாவது ரேம் துண்டில். அடுத்தது கரண்ட் வரும் வழியில். மூன்றாவது கிரஃபிக்ஸ் கார்டில். மின்ட் இந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

கடைக்காரர் சொன்னதற்கும் ஒரு பதில் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. உங்கள் பெட்டி மலிவாகக் கிடைத்ததே இதனால்தான். பிராசசரில் ஒரு குறையும் இல்லை. அதற்கு இன்று பாதுகாப்பு அப்டேட் ஒழுங்காக வரக்கூடிய சிஸ்டம் என்றால் அது லினக்ஸ்தான். மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு. விளையாட்டுச் சாமான் என்ற பேச்சையும் கொழும்பில் இருந்துகொண்டு ஏற்க முடியாது. 2004 டிசம்பர் சுனாமி அடித்தபோது, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்ய இந்நாட்டு நிரலாளர்கள் லினக்ஸைப் போலவே திறந்த மூலத்தில், அதாவது நிரலை யாரும் வாசித்துத் திருத்தக்கூடிய விதத்தில், எழுதிய மென்பொருள்தான் சஹானா. அது பிறகு 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் போய் வேலை செய்தது.

சரி, பெட்டிக்கு வருவோம். "ஹேங் ஆகிறது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் நாலைந்து வேறு வேறு நோய்கள். அடுத்த முறை உறையும்போது உடனே பவர் பட்டனை அமுக்காமல் கீபோர்டில் கேப்ஸ் லொக்கைத் தட்டிப் பாருங்கள். நீங்கள் தட்டத் தட்ட விளக்கு மாறி மாறி எரிந்தால் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) உயிரோடு இருக்கிறது, திரைதான் செத்திருக்கிறது. அப்படியானால் கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்த, கறுப்புத் திரையில் பெயர் கேட்கும். இது கிரஃபிக்ஸ் டிரைவரின் வேலை. விளக்கு மாறவே இல்லை, சத்தமும் சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் ரேம், பிராசசர், மதர்போர்ட் பக்கம் தேட வேண்டும். மவுஸ் மட்டும் இழுபட்டு இழுபட்டு நகர்கிறது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் ரேம் நிரம்பிவிட்டது அல்லது ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது. ஒன்றுமே சொல்லாமல் பட்டென்று நின்று எழும்பினால் கரண்ட் அல்லது சூடு.

உங்களிடம் இரண்டு விதமும் இருக்கின்றன. உறைவதும் உண்டு, பின்னேரத்தில் நின்று எழும்புவதும் உண்டு. ஆகவே இரண்டு பழுதுகள் ஒன்றாக இருக்கலாம். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ரேமையும் கார்டையும் ஒரே நாளில் கழற்றினால் பெட்டி சரியாகிவிடலாம், எது குற்றவாளி என்பது மட்டும் தெரியாமலே போய்விடும். பிறகு அந்தக் கெட்ட துண்டை யாராவது ஒரு நண்பருக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

உறைந்த பெட்டியை அணைப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஓல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ் (S), யூ (U), பி (B) என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக, இடையில் சில விநாடி விட்டு அழுத்துங்கள். முதலாவது எழுத வேண்டியதை டிஸ்க்கில் எழுதி முடிக்கும், இரண்டாவது டிஸ்க்கை வாசிக்க மட்டும் என்று பூட்டும், மூன்றாவது மறுபடி தொடக்கும். உபுண்டு வழி வந்த சிஸ்டங்களில் இந்த மூன்றும் ஏற்கெனவே திறந்து விடப்பட்டிருக்கின்றன. இது வேலை செய்தால் கெர்னல் உயிரோடு இருந்தது என்றும் தெரிந்துவிடும்.

எழும்பியதும் மெனுவில் லொக்ஸ் என்ற செயலியைத் திறந்து, முந்தைய தடவை ஓடியதன் பதிவைத் தெரிவு செய்து கடைசி வரிகளைப் பாருங்கள். முழுவதும் விளங்கத் தேவையில்லை. 'ஹார்ட்வெயார் எரர்' அல்லது 'மெஷின் செக்' என்று இருந்தால் பிராசசர், ரேம் பக்கம். 'நூவோ' (nouveau, என்விடியா கார்டுகளுக்கான திறந்த மூல டிரைவர்) என்றோ 'என்விடியா' என்றோ பிழை வரிகள் குவிந்திருந்தால் கிரஃபிக்ஸ் கார்ட். 'ஐ/ஓ எரர்' என்றால் டிஸ்க் அல்லது அதன் கேபிள். 'அவுட் ஒஃப் மெமரி' என்றால் ரேம் பழுதில்லை, போதவில்லை. ஒரு முறைப்பாடும் இல்லாமல் நடுவில் அறுந்தது போல் பதிவு முடிந்திருந்தால், எழுதக்கூட நேரம் கிடைக்காமல் பெட்டி நின்றிருக்கிறது. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதி வைக்கும், யாரும் திறந்து வாசிக்கலாம்.

இனி ரேம். இதில் கொஞ்சம் நின்று வேலை செய்யுங்கள். கரண்டைக் கழற்றி, பவர் பட்டனை ஒருக்கா அமுக்கி மிச்சக் கரண்டைப் போக்கிவிட்டு, பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இரண்டு துண்டையும் எடுங்கள். ஸ்டிக்கரைப் பாருங்கள். டிடிஆர்4 என்பதும், வேகமும் எழுதியிருக்கும். ஆறாம் தலைமுறை பிராசசர் 2133 வேகத்தில்தான் ஓட்டும். அதைவிட வேகமான துண்டைப் போட்டாலும் தாழ்ந்து ஓடும், அதில் பிழையில்லை. இரண்டும் வேறு வேறு கம்பனி என்பதும் பொதுவாகக் குற்றமில்லை. பார்க்க வேண்டியது அந்தப் பொன்னிறப் பல்வரிசையை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், நல்லது ஒரே சீராக மின்னும். கைபட்ட எண்ணெய், மங்கல், பச்சைப் புள்ளி ஏதும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். தூளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், ஸ்லொட்டுக்குள் விழ விடாதீர்கள். திரும்பப் போடும்போது பக்கக் கொளுக்கி 'டிக்' என்று தானாக மேலே வந்து பூட்ட வேண்டும். பாவித்த பெட்டிகளில் பாதி அமுங்கிய ரேம் நிறையக் கண்டிருக்கிறேன். கொண்டு வரும் வழியில் குலுங்கினாலே போதும்.

பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலை ஒரு பென்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். 6ஆம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையிலும் நேரடியாக ஓடும். டெல்லில் எழும்பும்போது எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து தொடங்க என்று கேட்கும். முதலில் இரண்டு துண்டையும் வைத்து இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரேயொரு சிவப்பு வரி வந்தாலும் போதும், ரேமில் "பரவாயில்லாத பிழை" என்று ஒன்று கிடையாது. வந்தால் துண்டு ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் சோதியுங்கள், பிறகு இடம் மாற்றிச் சோதியுங்கள். பிழை துண்டோடு சேர்ந்து போனால் துண்டு பழுது. துண்டு மாறியும் அதே ஸ்லொட்டிலேயே நின்றால் மதர்போர்ட் ஸ்லொட் பழுது, அதை விட்டுவிட்டு ஒரு துண்டோடு ஓட்டலாம். கெட்ட முகவரிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு ஓடும்படி, சிஸ்டத்தைத் தொடக்கிவைக்கும் க்ரப் நிரலில் எழுதிக்கொடுக்கும் வழியும் இருக்கிறது. கெட்டுப்போகத் தொடங்கிய சிப் அங்கேயே நிற்காது என்பதால் வீட்டுக் கணினிக்கு அதை நான் சொல்ல மாட்டேன். உத்தரவாதம் இருந்தால் மெம்டெஸ்ட் திரையைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தப் படத்தில் விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை, கடையில் வாதம் நடக்காது.

கடையில் விண்டோஸில் ஓட்டிக் காட்டியிருந்தால், அப்போது மட்டும் ஏன் உறையவில்லை என்று கேட்பீர்கள். டெஸ்க்டொப்பைத் திறந்து ஒரு வீடியோ ஓட்டிக் காட்ட 3 அல்லது 4 ஜிபி போதும். மேலே உள்ள ரேம் தொடப்படாமலே இருந்திருக்கலாம். நீங்கள் வீட்டில் மணிக்கணக்காகப் பாவிக்கும்போது, டிஸ்க்கில் வாசித்ததையெல்லாம் லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் கெட்ட இடத்தையும் எட்டும். அரை மணி, இரண்டு மணி என்று நேரம் மாறுவதற்கும் இது பொருந்துகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். ரேம் பழுதாக இருந்தபோது செய்த இன்ஸ்டோலை நம்ப முடியாது, ஒவ்வொரு கோப்பும் அந்த ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. நான்காவது இன்ஸ்டோலை நிறுத்தி வைக்கச் சொன்னது இதனால்தான். ரேம் சுத்தம் என்று தெரிந்த பிறகு ஒரே ஒரு தடவை, இறக்கிய கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணையும் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்.

பின்னேரத்தில் நின்று எழும்புவது வேறு விஷயம். அதைச் சுவரிலிருந்து தொடங்குவோம். எந்த சாக்கெட்டில் செருகியிருக்கிறீர்கள்? வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துப் பழைய வீடுகளில் வட்ட முள் சாக்கெட்டும், அதில் ஒரு அடாப்டரும், அதில் ஒரு மல்டி பிளக்கும், அதில் கணினியும் என்று தொங்கிக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றி முட்களைப் பாருங்கள். பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் உள்ளே தொடுகை தளர்ந்து சூடாகிறது. குளிர்சாதனப் பெட்டியோ ஏசியோ தொடங்கும் நேரத்தில் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். கணினியின் பவர் சப்ளை ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தாங்கும், வயது போன சப்ளை அதுவும் தாங்காது. பின்னேரம் எல்லாரும் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் போடும் நேரம், உங்கள் பெட்டி விழுவதும் அந்த நேரம். ஆகவே கொஞ்ச நாளைக்கு நேரடியாக, நல்ல 13 அம்பியர் சாக்கெட்டில், வேறொன்றும் செருகாமல் ஓட்டிப் பாருங்கள்.

பெட்டியின் உலோகத்தில் வெறுங்கை பட்டால் சுள்ளென்கிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கொண்டென்சர்கள் உடலோடு இணைந்திருக்கும். எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் உடலிலேயே 230இன் பாதியளவு வோல்டேஜ் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் கடிக்கிற மாதிரி மட்டும் தெரியும். உறைவதற்குக் காரணம் இதுவாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் வேறொரு பழுது வரும் நாளில் உங்களைக் காப்பாற்ற வேண்டியது அந்த எர்த்தும் ட்ரிப் சுவிட்சும்தான். எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், கணினியை விட முந்திச் செய்ய வேண்டிய வேலை அது.

யூபிஎஸ் வைத்திருந்தால் அதையும் சந்தேகியுங்கள். 650 விஏ என்று எழுதிய சாதாரண யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி அளவிலான ஒரு ஈய பட்டரி. நம் வெக்கையில் அது இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். பட்டரி செத்த யூபிஎஸ் மின்வெட்டில் மட்டும் கைவிடும் என்று நினைக்காதீர்கள், வோல்டேஜ் இறங்கி அது பட்டரிக்கு மாறும் அந்தக் கணத்திலும் விட்டுவிடும். கணினியை வைத்துச் சோதிக்காமல் ஒரு மேசை விளக்கைச் செருகி, சுவர் சுவிட்சை ஓஃப் செய்து பாருங்கள்.

சப்ளையைச் சோதிக்க, பின்பக்கம் கரண்ட் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டனும் விளக்கும் இருந்தால் அதை அமுக்குங்கள், பச்சை எரிய வேண்டும். எஃப்12 மெனுவில் டயக்னொஸ்டிக்ஸ் என்று டெல்லே ஒரு சோதனையும் வைத்திருக்கிறது. புதிதாக மாற்ற வேண்டி வந்தால் ஒன்று தெரிந்து வாங்குங்கள். இந்த அலுவலகப் பெட்டிகளின் மதர்போர்டில் வழமையான 24 முள் பவர் இணைப்பு இல்லை, டெல்லுக்கே உரியது. கடையில் காணும் சாதாரண சப்ளையை அப்படியே பூட்ட முடியாது. அதே மாதிரியின் பாவித்த சப்ளையைத் தேடுவதுதான் நல்லது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மாதிரி எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

இடி மழை பற்றி ஒரு சொல். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கொழும்புக்குப் புதிதல்ல. கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு, செப்பு வயரில் வரும் டெலிபோன் இணைப்பையும் ரவுட்டரின் லேன் கேபிளையும் அப்படியே விட்டால் மின்னல் அந்த வழியாகவும் வரும். லேன் போர்ட் மட்டும் செத்த மதர்போர்டுகள் பெரும்பாலும் இப்படிச் செத்தவைதான்.

சூட்டுக்கு அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. டெர்மினலில் சென்சர்ஸ் கட்டளையைக் கொடுத்தால் வெப்பநிலை தெரியும். இந்தப் பிராசசர் 100 பாகையில் தன்னைத்தானே மெதுவாக்கும். சும்மா இருக்கும்போது 40, 50, கடுமையாக வேலை செய்யும்போது 80க்குள் நின்றால் கவலை வேண்டாம். இந்தத் தலைமுறை வெளிவந்தது 2015இல், உங்கள் பெட்டியில் பிராசசரின் மேல் பூசிய, சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருக்கும், புதுப் பசை ஒரு துளி வைத்துவிடுங்கள். விசிறியைப் பெயின்ட் தூரிகையால் துப்புரவாக்கும்போது இதழைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடலுக்கும் காலி வீதிக்கும் இடையில் வீடு என்றால் பெட்டியை மெரைன் டிரைவ் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். உப்புக்காற்று தூசியோடு சேர்ந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பின்பக்கத் திருகாணிகளில் கறள் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் உள்ளே இணைப்புகளையும் ஒருமுறை கழற்றிப் பூட்ட வேண்டும்.

ஜிடி 710ஐ நேராகச் சொல்கிறேன், கழற்றிவிடுங்கள். அது கெப்லர் என்ற பழைய என்விடியா தலைமுறைச் சிப். என்விடியா அதற்கான டிரைவரை 470 வரிசையோடு நிறுத்திவிட்டது, புதுக் கெர்னல்களோடு அது அடிக்கடி முரண்டு பிடிக்கும். திறந்த மூல நூவோ டிரைவரில் ஓடும், ஆனால் திரை உறைவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். உங்கள் ஐ5இன் உள்ளேயே எச்டி 530 கிரஃபிக்ஸ் இருக்கிறது. அதற்கான டிரைவர் கெர்னலிலேயே உண்டு, எதையும் தேடிப் போட வேண்டாம். படம் பார்க்க, எழுத, இணையத்தில் உலாவ அது தாராளம். மொனிட்டர் வயரை மதர்போர்டின் போர்ட்டில் செருகினால் சரி. விளையாட்டுக்கென்று பிறகு கார்ட் வாங்கினால், டிரைவர் கெர்னலோடு வரும் ஏஎம்டி கார்டைப் பாருங்கள். வாங்கும் முன் உங்கள் சப்ளை எத்தனை வொட் என்று ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு, டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நலம் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பு) திறந்து மூன்று வரி பாருங்கள். 5ஆம் வரி, இடம் மாற்றப்பட்ட பகுதிகள். 197ஆம் வரி, வாசிக்க முடியாமல் காத்திருப்பவை. இவை பூச்சியமாக இருக்க வேண்டும். 197 கூடிக்கொண்டே போனால் இன்றைக்கே படங்களைப் பிரதி எடுங்கள். 199ஆம் வரி, கேபிள் வழியில் வந்த பிழைகள்; அது மட்டும் கூடினால் டிஸ்க் நல்லது, கேபிள்தான் கெட்டது. மலிவான திருத்தம். திகதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டரியை மாற்றுங்கள். திகதி பிழைத்தால் அப்டேட்டும் ஓடாது, இணையத் தளங்களும் சான்றிதழ் பிழை சொல்லும். இதையும் லினக்ஸின் தலையில் கட்டுபவர்கள் உண்டு.

அம்மாவின் விசைப்பலகை கிடைக்கும். அலுவலகங்களில் பழகியது ரெங்கநாதன் முறை. விசைப்பலகை முறைகளை மாற்றித் தரும் ஐபஸ் (ibus), அதற்கான எம்17என் (m17n) பொதி இரண்டையும் போட்டுவிட்டு, உள்ளீட்டு முறைகளில் தமிழின் கீழே பார்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறைகளோடு ரெங்கநாதனும் இருக்கும். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் வேலை செய்யும். விரல் பழக்கம் மாற வேண்டியதில்லை.

இப்போது வரிசை இதுதான்: இன்றிரவு மெம்டெஸ்ட், பிறகு கார்டைக் கழற்றி ஓட்டுவது, பிறகு சாக்கெட் மாற்றுவது. இவற்றுக்குப் பிறகும் உறைந்தால், இரண்டு டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிட்டு மின்ட் பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உறைந்தால் டிஸ்க்குகளையும் இன்ஸ்டோலையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். அந்தக் கட்டத்தில் லொக்ஸில் கடைசியாகக் கண்ட வரிகளையும், கேப்ஸ் லொக் விளக்கு மாறியதா இல்லையா என்பதையும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.